ஐந்தாவது பாட்டுக்கும் ஆறாவது பாட்டுக்கும் இடையில்

கற்பிட்டியில் என் கடை தண்ணீர் மோட்டர் விற்கிற கடை. பழுது பார்ப்பதும் உண்டு. இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கிரீஸ், ரப்பர் குழாய், வெங்காயத் தோட்டத்திலிருந்து மோட்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் ஈரமண், இவை மூன்றும் கலந்த மணம் அது.

அந்த மணத்துக்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் மூன்று பேர் ஒரு போனைச் சுற்றி நின்றோம். நான், பாட்டுப் பாடுகிற பஸ்மில், டிரம் அடிக்கிற ரொஷான். எங்கள் ரொக் குழுவின் முதல் தொகுப்பு முந்தின நாள்தான் இணையத்தில் வெளியாகியிருந்தது. 'உப்புக்காத்து' என்று பெயர். எட்டுப் பாட்டு. நான் பேஸ் கிற்றார்.

"ஆறாவது பாட்டுக்கு வந்ததும் எல்லாரும் தாண்டிப் போறாங்க நானா" என்றான் ரொஷான். எங்கள் பக்கத்தில் அண்ணன் என்றால் நானா.

"எல்லாரும் எண்டா?"

"எல்லாரும் எண்டா எல்லாரும். என்ட பொஞ்சாதியும் தாண்டிட்டா."

கீழே யாரோ ஒருவர் கருத்து வேறு எழுதியிருந்தார்: 'ஆறாவது பாட்டு வந்ததும் போன் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். நல்ல தூக்கம் வரும்.' அதற்குப் பதினைந்து பேர் சிரித்திருந்தார்கள்.

பஸ்மில் கடை வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்து நின்றான். அந்த ஆறாவது பாட்டு அவன் எழுதியது. அவனுடைய வாப்பாவைப் பற்றியது.

தூங்க வைக்கிற பாட்டு

பஸ்மிலின் குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அப்போது அவன் இடுப்பில் இருக்கிற பிள்ளை. அங்கே வலையும் கயிறும் விற்ற அவன் வாப்பா, இங்கே புத்தளத்துக்கு வந்து உப்பளத்தில் கூலி வேலை செய்தார். வேலைக்குப் போவார், வருவார், கிணற்றடியில் காலைக் கழுவுவார், சாப்பிடுவார், படுப்பார். பஸ்மிலுக்கு வாப்பாவைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பேசி இவன் கேட்டதே குறைவு. இவன் பள்ளிக்கூடம் முடிக்கும் முன் அவர் மவுத்தாகிவிட்டார்.

அந்தச் சாவுக்குப் பிறகு அவன் உம்மாவும் அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டால், "அந்தக் கதை இப்ப என்னத்துக்கு?" என்பார். அடுப்படிக்குப் போய்விடுவார்.

அதைத்தான் இவன் பாட்டாக்கினான். 'பேசாத மனிசன்' என்று பெயர். ஒற்றைக் கிற்றாரில் மெதுவாகத் தொடங்கும். 'வாய்க்குள்ள ஒரு கடல வச்சி வந்த நாள்ல இருந்து பேசாத மனிசன்' என்று முதல் வரி. தொகுப்பு வெளியானதும் உம்மாவுக்கு இதைக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கேட்டால் உம்மா வாயைத் திறப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தான். எட்டுப் பாட்டில் மற்ற ஏழும் எங்களுக்காக. அந்த ஒன்று மட்டும் அவருக்காக.

இப்போது அந்த ஒன்றைத்தான் ஊர் முழுக்கத் தாண்டிப் போகிறது.

நான் போனை வாங்கி, ஐந்தாவது பாட்டின் கடைசியிலிருந்து போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது பாட்டு என்னுடையது, தண்ணீர் மோட்டரைப் பற்றியது. முடிவில் ரொஷான் இரண்டு நிமிடம் வெறிபிடித்தவன் மாதிரி டிரம் அடிப்பான். அது முடிந்த மறு நொடியில் பஸ்மிலின் கிற்றார் வந்தது. யாரோ அறைக்கு வெளியே நின்று சுவரைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. பாட்டு என்றே தெரியவில்லை.

"இது நாங்க செஞ்ச பாட்டா?" என்று கேட்டேன்.

"நீங்கதானே நானா வரிசை போட்டீங்க" என்றான் ரொஷான்.

போட்டேன். ஒழுங்காகத்தான் போட்டேன். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

கசெட்டின் இரண்டு பக்கம்

பாட்டு வரிசை விஷயத்தில் என்னோடு யாரும் வாதாட வரக் கூடாது. எனக்கு அதில் பழைய காயம் இருக்கிறது.

நான் பெடியனாக இருந்தபோது புத்தளத்தில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற ஒரு கடை இருந்தது. வெறுங் கசெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வெளிநாட்டு ரொக் இசைத்தட்டு ஒன்றை முழுதாகப் பதிந்து தருவார். அந்த மனிதருக்கு நாடாவில் ஒரு அங்குலம் வெறுமையாகக் கிடந்தாலும் பொறுக்காது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்து கொஞ்சம் நாடா மிச்சமிருந்தால், அதில் எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். ஒரு தடவை ஹிந்திப் பாட்டு. ஒரு தடவை யாரோ சிங்களத்தில் பகிடி சொல்கிறார், சிரிப்பு வருகிற இடத்தில் நாடா முடிந்துவிடும்.

"காசு குடுத்து வாங்கின நாடா தம்பி, வீணாப் போகக் கூடாதுதானே" என்பார்.

இரண்டு வருடமாக ஒரு ரொக் தொகுப்பின் முதல் பக்கம் அரைகுறைப் பகிடியில்தான் முடிகிறது என்று நினைத்திருந்தேன். பிறகு கொழும்பில் ஒரு நண்பன் வீட்டில் அதே தொகுப்பைக் கேட்டேன். கடைசிப் பாட்டு ஓய்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. நண்பன் எழும்பிப் போய்த் தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை வைத்து, வந்து உட்கார்ந்தான். மறுபக்கத்தின் முதல் பாட்டு தொடங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அந்தக் கடைக்காரர் மேல் வந்த ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு வரிசை பைத்தியம். முதல் பாட்டு ஆளைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டாவது அதைவிட வேகமாக இருக்கலாம், மூன்றாவது இருக்கக் கூடாது. நடுவில் ஒரு பெரிய சத்தம், அதற்குப் பிறகு தனிமை. இதை என் மனைவியிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "கலியாணத்தில சஹன் வைக்கிறாங்க. ஆறு பேர் சுத்தி இருந்து சாப்பிடுறாங்க. கடைசியில வைக்கிற இனிப்பு வட்டிலப்பத்தை முதல்ல வச்சா சண்டையா வரப் போகுது?"

வரும். எங்கள் மாமா ஒருவர் எழும்பியே போவார். ஆனால் அதை என் மனைவியிடம் சொல்லிப் பயனில்லை.

சனிக்கிழமைப் பயணம்

அடுத்த இரண்டு மூன்று வாரம் எங்களுக்குள் ஒரே சண்டை. ரொஷான் ஆறாவது பாட்டைத் தூக்கிக் கடைசியில் போடச் சொன்னான். கடைசியில் போட்டால் யாரும் அதுவரைக்கும் வர மாட்டார்கள் என்றேன். முதலில் போடுவோம் என்றான். முதலில் போட்டால் யாரும் இரண்டாவதுக்கே வர மாட்டார்கள் என்றேன். ஒலிப்பதிவில்தான் பிழை, கிற்றாரைச் சத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றான். பதிவு செய்தவனே அவன்தான். அதைச் சொன்னதும் இரண்டு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை.

இந்தச் சண்டை எதிலும் பஸ்மில் சேரவில்லை. ஒரு நாள் கடைக்கு வந்து, மோட்டர்ப் பெட்டி மேல் உட்கார்ந்து, "அந்தப் பாட்ட எடுத்திடுவம் நானா" என்றான்.

"உம்மாவுக்குக் கேக்கக் குடுக்கணும் எண்டாய்?"

"ஊரே தாண்டிப் போற பாட்ட உம்மாவுக்கு எப்படிக் குடுக்கிற? வாப்பாவப் பத்தி ஒண்டே ஒண்டு செஞ்சன். அதுவும் சரி வரல்ல."

எனக்குத் தாங்கவில்லை. அவனைத் திட்டி அனுப்பினேன். திட்டியது ஆறுதல் சொல்லத் தெரியாததால்தான்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நாங்கள் அந்த வரிசையை எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். சனிக்கிழமை பின்னேரங்களில் என் கடையின் பின்னறையில் பயிற்சி. முடிந்ததும் ரொஷானின் வேனில் புறப்படுவோம். பஸ்மிலைப் புத்தளத்தில் இறக்கிவிட்டு ரொஷான் சிலாபத்துக்குப் போவான். அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பிள்ளையைப் பார்க்க இவன் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் புறப்படுகிற நேரம் மட்டும் ஒரு நாளும் பிசகாது. நானும் புத்தளம் வரை போய், பாகங்கள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவேன். தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை நாங்கள் கேட்பது அந்த வேனில் மட்டும்தான். வீட்டில் யார் கேட்க விடுகிறார்கள்?

அந்த வேனில் ஆறாவது பாட்டு ஒரு நாளும் சோடை போனதில்லை. ரொஷான்கூட அந்தப் பாட்டுக்கு வேகத்தைக் குறைப்பான். "அனே மச்சான், கண்ணீர் வருது" என்று பஸ்மிலின் தோளைத் தட்டுவான். அதே பாட்டு போனில் சுவரைச் சுரண்டுகிறது.

"வேன் ஸ்பீக்கர் நல்லது, வேறொண்டும் இல்ல" என்றான் ரொஷான். எல்லாரும் போய் ரொஷானின் வேனில் இருக்கிற மாதிரி ஸ்பீக்கர் வாங்குங்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதட்டுமா என்று கேட்டேன். மீண்டும் இரண்டு நாள் அழைப்பை எடுக்கவில்லை.

வேன் நிற்காத நாள்

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை ரொஷானின் மனைவிக்கு லீவு. அவசரமில்லை என்பதால் அந்தித் தொழுகையான மஃரிபைக் கற்பிட்டியிலேயே தொழுதுவிட்டு ஆறுதலாகப் புறப்பட்டோம். ரொஷான் வழக்கம் போலப் பென் டிரைவைச் செருகினான். குறிஞ்சிப்பிட்டி தாண்டியது, இரண்டாவது பாட்டு. மீன் கருவாடாகிற நாற்றம் வந்து போனது, மூன்றாவது. இருட்டில் தென்னந்தோப்புகள், மின்சாரக் காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள். மாம்புரியை நெருங்கும்போது ஐந்தாவது பாட்டில் ரொஷான் டிரம்மைப் போட்டு உடைத்து முடித்தான்.

மறு நொடியில் ஆறாவது.

மூன்று பேரும் நிமிர்ந்தோம். அதே சுரண்டல். வேனில், அந்த நல்ல ஸ்பீக்கரில்!

ரொஷான் வேனை ஓரங்கட்டினான். வலப்பக்கம் பார்த்தான். வீதியோரப் பள்ளிவாசலில் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொழுகை எப்போதோ முடிந்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள்.

"நானா," என்றான் மெதுவாக, "இங்கதானே நாங்க எப்பவும் நிப்பாட்டுற?"

அவன் சொன்னதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடித்தும் கொண்டேன்.

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் பாட்டை நிறுத்துவது எங்கள் வழக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். சனிக்கிழமைகளில் ஐந்தாவது பாட்டு ஓய்கிற நேரத்தில் மாம்புரிப் பக்கம் வந்திருப்போம், மஃரிப் பாங்கு கேட்கும். எங்கள் ஊரில் சூரியன் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் விழுகிறது. ரொஷான் பாட்டை நிறுத்துவான். நானும் பஸ்மிலும் இறங்கி, முகம் கைகால் கழுவி வுழூச் செய்து தொழுவோம். ரொஷான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன்; அவன் எதிர்க்கடையில் பிளேன் டீ குடிப்பான். நாங்கள் ஈர முகத்தோடு வந்து ஏறும்போது நன்றாக இருட்டியிருக்கும். யாரும் பேச மாட்டோம். அப்போது ரொஷான் பொத்தானை அமுக்குவான். ஒற்றைக் கிற்றார் வரும்.

அதுதான் அந்தப் பாட்டின் மருந்து. நாங்கள் எட்டுப் பாட்டை வரிசைப்படுத்தினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு பள்ளிவாசல் இருந்தது. அதை யாரும் பென் டிரைவில் ஏற்றவில்லை.

ஒரு தொகுப்பைக் கேட்டுப் பார்க்கிற மூன்று மடையர்களில் ஒருவனுக்காவது இது பட்டிருக்க வேண்டாமா? மாதக்கணக்காக! எனக்கு மூன்று பேர் மேலும் வந்த எரிச்சல் புத்தளம் போகும்வரை அடங்கவில்லை.

வெறுமையை எப்படிப் பதிவது?

சரி, காரணம் தெரிந்தது. இனி என்ன செய்வது?

"பாங்கைப் பதிஞ்சி நடுவில போடுவம்" என்றான் ரொஷான்.

"உனக்குப் பைத்தியமா?" நானும் பஸ்மிலும் ஒன்றாகக் கத்தினோம். ரொக் தொகுப்புக்குள் பாங்கைப் போட்டால் நான் கற்பிட்டியில் கடை திறக்க ஏலாது. கடையை விடுங்கள், எனக்கே மனம் வராது.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் இறங்கி வந்தான். "அப்ப கடல் சத்தம் போடுவம்."

உலகத்தில் கடல் சத்தம் போடாத தொகுப்பு எது? வேண்டாம் என்றேன். தவளைச் சத்தம் என்றான். டீ ஆற்றுகிற சத்தம் என்றான். நாடாவில் வெறுமை கிடந்தால் பொறுக்காத அந்தக் கடைக்காரரின் வாரிசு இவன்தானோ என்று தோன்றியது.

பஸ்மில்தான் முடித்து வைத்தான். "ஒண்டும் வேணாம். சும்மா விடுங்க. ஒரு சத்தமும் இல்லாம."

எவ்வளவு நேரம் என்பதில் மறுபடி சண்டை. கடைசியில் ஒன்றரை நிமிடம் வெறுமையை ஆறாவது பாட்டின் தலைமாட்டில் ஒட்டி, தொகுப்பைப் புதிதாக ஏற்றினோம்.

மறுநாளே வந்தது வினை. என் மச்சினன் குவைத்திலிருந்து பேசினான்: "நானா, ஒங்கட பாட்டு செத்துப் போச்சு." பாலாவியில் மோட்டர் வாங்குகிற ஒருவர், தன் போனைத் திருத்தக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கருத்துப் பகுதியில் அதே ஆள் மீண்டும் வந்தார்: 'முதலில் தூக்கம் வந்தது. இப்போது ஆளே இல்லை.' இதற்கு முப்பது பேர் சிரித்தார்கள்.

ஆனால் பொறுத்திருந்து கேட்ட ஓரிரண்டு பேர், அந்தப் பாட்டுக்காகவே தொகுப்பைத் திரும்பக் கேட்டதாக எழுதினார்கள். பஸ்மில் அதை என்னிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினான். பிறகு, "உம்மாவுக்குக் கேக்கக் குடுக்கப் போறன்" என்றான். "நீங்களும் வாங்க நானா. தனிய ஏலாது."

உம்மா வேனில் ஏறினார்

குறிஞ்சிப்பிட்டியில் பஸ்மில் குடும்பத்துச் சொந்தத்தில் ஒரு கலியாணம். பகல் விருந்து முடிந்து திரும்பும்போது ரொஷானின் வேன். முன்னால் ரொஷானும் பஸ்மிலும். நடு இருக்கையில் உம்மா. பின்னால் நான்.

மாம்புரி வரை உம்மா விருந்தைக் குறை சொன்னார். இறைச்சி வேகவில்லை, சோற்றில் நெய் இல்லை, மாப்பிள்ளை வீட்டார் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள். அவர் ஓய்ந்ததும் பஸ்மில் தொகுப்பைப் போட்டான். முதலிலிருந்து. வரிசையைக் குலைக்கக் கூடாது என்று நான் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"என்ன மகன், தகரத்தில அடிக்கிறீங்க?" என்றார் உம்மா முதல் பாட்டுக்கு. இரண்டாவதுக்குச் சீலைத் தலைப்பால் காதை மூடினார். நுரைச்சோலை தாண்டியது. ஐந்தாவது வந்தபோது, "இது நல்லா இரிக்கிது, தண்ணி மிசின் மாதிரி" என்றார். என் பாட்டை இதுவரை யாரும் அவ்வளவு சரியாக விளங்கிக்கொண்டதில்லை.

டிரம் ஓய்ந்தது. வெறுமை தொடங்கியது.

பாலாவி உப்பளங்கள் பக்கம் வந்துவிட்டோம். வெயிலில் பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் குத்தின. வேனுக்குள் டயர் உருளுகிற சத்தம் மட்டும். 

"ஏன் நிண்டிட்டு? பழுதாப் போச்சா?"

"இல்ல உம்மா. இரிங்க, வரும்."

உம்மா இருந்தார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, எங்கள் யாருக்கும் என்றில்லாமல், "அந்தா, அந்தப் பாத்திக்கிட்டத்தான் அவர் நிப்பார்" என்றார்.

பஸ்மில் திரும்பவில்லை.

"சோறு கொண்டு வந்தா, கையக் காட்டி அங்கயே நில்லு எண்டுவார். உப்புத் தண்ணி கால அரிக்கும் எண்டு என்ன இறங்க விட மாட்டார். அவரிட கால் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

ஒற்றைக் கிற்றார் தொடங்கியது. எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. உம்மாவுக்குக் கேட்கவில்லை, அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆனா இராவையில பாடுவார், தெரியுமா? நல்ல குரல் எண்டு நினைக்காதீங்க. ஓல மறைப்புத்தானே, பக்கத்துக் குடிலுக்குக் கேக்கும் எண்டு வெக்கம். நீங்க தூங்காம அழுதா, மடியில போட்டு, ஒங்கட காதுக்குள்ள வாய வச்சிப் பாடுவார். எனக்கே கேக்காது. வாய் அசையிறது மட்டும் தெரியும்."

'பேசாத மனிசன்' என்று பஸ்மிலின் குரல் பாடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக நாங்கள் அடிபட்டுக்கொண்ட பாட்டு. உம்மாவுக்கென்றே எழுதிய பாட்டு. ஒரு பள்ளிவாசல் அளவு வெறுமையை வெட்டி ஒட்டி இவர் காதுக்குக் கொண்டு வந்து சேர்த்தால், இவர் அதற்கு மேலால் கதைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. உம்மா, இதுதான் அந்தப் பாட்டு, கொஞ்சம் கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ரொஷான் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

உம்மாவுக்கு அந்தச் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. "கதைக்க விடுதில்ல. அதக் கொஞ்சம் குறைங்க மகன்."

பஸ்மில் கையை நீட்டி, தன் பாட்டை முழுதாகக் குறைத்தான். பிறகு இருக்கையில் திரும்பி உட்கார்ந்து உம்மாவைப் பார்த்தான்.

"என்ன பாட்டு உம்மா பாடுவாரு?"